வேலிக்கு ஒரு பெட்டி

பல் வைத்தியரின் கடிதம் ஒற்றை வரி:
"உங்கள் வீட்டு இணைப்புக்குக் காவல் உண்டா?"
அவர் இருப்பது ஒஸ்லோவில்.
அவருடைய நோயாளிகளின் கடைவாய்ப் பற்கள்
கொக்குவிலில், என் மேசையில்,
இரவு பதினொரு மணிக்கு வரிசைக்கு வருகின்றன.

மென்பொருள் சும்மா கிடைக்கிறது.
எழுதியவர்கள் திறந்தே வைத்திருக்கிறார்கள்,
ஒவ்வொரு வரியையும் நீயே வாசித்துப் பார் என்று.
பெட்டிக்குத்தான் காசு.
கொழும்பில் புதுசு அறுபத்தெட்டாயிரம்.
விலையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
சுவரில் இருந்த பல்லி நகர்ந்து போனது.

ஸ்ரான்லி வீதியில் ஆறு கடை.
"ஃபயர்வோல்" என்றதும் ஒருவர்
தீயணைக்கும் சிவப்பு உருளையைக் காட்டினார்.
இன்னொருவர், "தங்கச்சி, மூண்டு கொம்பு வைச்ச சாமான் இருக்கு,
கிணத்தடி வரைக்கும் வைஃபை இழுக்கும், கொண்டு போங்கோ."
எனக்குக் கொம்பு வேண்டாம்.
இரண்டு துவாரம் வேண்டும்,
ஒன்று உலகத்துக்கு, ஒன்று வீட்டுக்கு,
நடுவில் யோசிக்கிற ஒரு சிப்.
விசிறி இல்லாவிட்டால் நல்லது;
இந்த ஊர்ப் புழுதி முதலில் தின்பது விசிறியைத்தான்.
பதினைந்து வாட்டுக்கு மேல் கேட்டால்
மின்சார சபையின் பில்லை
எந்தப் பல்லை விற்றுக் கட்டுவேன்?

சத்திரத்துச் சந்திக்குப் பின்னால்,
ஒரு மாடிப்படிக்குக் கீழே,
பழுதான தராசுகளுக்கு நடுவில் இருந்தார் ஜெகசோதி.
மூடிப்போன சுப்பர் மார்க்கட் ஒன்றின்
காசாளர் பெட்டிகள் நான்கு அவரிடம்.
ஒன்றின் பிடரியைத் திருப்பிக் காட்டினார்:
இரண்டு துவாரம், பக்கத்துப் பக்கத்தில், மூக்கைப் போல.
"பன்ரண்டாயிரம்."
"ஒன்பது."
"பிள்ளை, இது செத்த சாமான் இல்லை.
வேலை போன சாமான்."
பத்தரையில் முடிந்தது.
லாச்சியைக் கிளறி எட்டு ஜிபி ராம் ஒன்றெடுத்து
சாரத்தில் துடைத்துச் சும்மா போட்டுத் தந்தார்.
அந்தத் துடைப்புக்காக ஐநூறு கூட வைத்தேன்.
பஸ்ஸில் ஏறிய பிறகு அதற்கு வருந்தினேன்.

வீட்டில், அழிப்பதற்கு முன்,
அதன் பழைய வட்டில் கடைசிப் பில் ஒன்று மூடாமல் கிடந்தது:
முட்டை ஆறு, சீனி அரைக்கிலோ, பனடோல் ஒரு காட்.
மொத்தம் வரவில்லை.
யாரோ சில்லறை எண்ணும்போது
கரண்ட் போயிருக்க வேண்டும்.
எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது.
கொஞ்ச நேரம் அந்த முட்டைகளைப் பார்த்திருந்து
ஆம் என்றேன்.

பிறகு சட்டம் எழுதத் தொடங்கினேன்.
முதலாவது: வெளியிலிருந்து எவர் வந்தாலும் இல்லை.
பத்து நிமிடத்துக்குள் நானூறு தட்டல்,
வாயில் நுழையாத ஊர்களிலிருந்து, கதவு கதவாக.
பதிவேட்டில் சிவப்பாக விழுந்துகொண்டே இருந்தது.
அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு
வெயிலில் நின்ற கை இது.
இன்றைக்குத்தான் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது.
கையில் ஒரு சின்னச் சந்தோசம் ஊறியதை
மறைக்க மாட்டேன். எனக்கு அது பிடிக்கவும் இல்லை.

ஏழு மணிக்கு வேலிப் பொட்டுக்குள்ளால்
தலையை நீட்டினாள் புவிராணி.
"அக்கா, கீர்த்திகனுக்கு நாளைக்குச் சோதினை.
நெட் வரேல்லையாம். என்ன செய்தனீங்கள்?"

போன வருசத்திலிருந்து
என் கடவுச்சொல்லில்தான் அவன் இரசாயனவியல் படிக்கிறான்.
கதியால் போட்டவருக்குத் தெரியும்
பொட்டு எங்கே விடவேண்டும் என்று.
எனக்குத் தெரியவில்லை.

இரண்டு துவாரம் போதாது.
திங்கட்கிழமை திரும்ப ஸ்ரான்லி வீதி,
யூஎஸ்பி லான் ஒன்று, ஆயிரத்து எண்ணூறு சொல்வார்கள்.
பற்களுக்கு ஒரு பக்கம், பொடியனுக்கு ஒரு பக்கம்,
ஒன்றையொன்று பார்க்காமல்.

அதுவரைக்கும்
வயரைக் கழற்றிப் பழைய ரவுட்டரில் கொழுவினேன்.
"வருது, வருது!" என்று வேலிக்கு அங்கால் ஒரு குரல்.
ஒஸ்லோவிலும் இன்று சனிக்கிழமை.
பற்கள் தூங்கட்டும்.